சந்துக்குள் ஒரு டூ நாட் செவன்

காசிமேட்டில் ஐஸ் சுமந்த வண்டி.
வாங்கும்போதே தரையில்லை.
சீட்டில் உட்கார்ந்தால்
கிளட்சுக்கும் பாதத்துக்கும் நடுவே
ரோடு தெரிந்தது.
"காத்தோட்டமா இருக்கும்க்கா" என்றான் விற்றவன்.
அதைச் சொல்லியே ஆயிரம் குறைத்தேன்.

சீட்டுப் பணம் அறுபத்திரண்டாயிரம்,
வளையலுக்கென்று கட்டியது.
யேசுபாதம் எதுவும் கேட்கவில்லை.
ஹார்பரில் நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவன்
லுங்கியை மடித்துக் கட்டி
வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தான்.
குறட்டை கேட்டபிறகுதான் தெரிந்தது
ரிப்பேர் பார்க்கவில்லை என்று.

அப்புறம் நான் படுத்தேன்.
உப்பு தின்ற சேஸிஸ்
அப்பளமாய் விரலுக்கு நொறுங்கியது.
கண்ணில் துரு, காதில் கிரீஸ்,
பதினேழாம் நம்பர் ஸ்பேனர் மட்டும்
எப்போதும் எட்டாத தூரத்தில்.
வெல்டிங்குக்கு வந்த கன்னியப்பன்
"இதுல நான் எதோட எதை ஒட்டுறது?" என்று கேட்டுவிட்டு
டீ குடிக்கப் போனான்.
நாலு நாள் கழித்து வந்தான், தகட்டோடு.

எமரியில் எண்பதாம் நம்பர்.
வெள்ளையைத் தேய்த்தால் பச்சை,
பச்சையில் பாதி அழிந்து 'கடல்மாதா துணை'.
அதையும் தேய்த்தால் மஞ்சள்,
மஞ்சளில் 'அங்காளம்மன் துணை'.
அதற்கும் கீழே கம்பெனி நீலம்,
யார் துணையும் இல்லாமல்
ஷோரூமை விட்டு வந்த நாளின் நிறம்.
அங்கே நிறுத்திக்கொண்டேன்.
கை வலித்ததும் ஒரு காரணம்.

மழை வந்தால் எங்கள் சந்துக்கு
சாக்கடை முதலில் வரும்,
கம்பெனிக்காரன் எண்ணெய் பின்னால் வரும்.
இடுப்புத் தண்ணியில் இஞ்சின் மூச்சுவிட
நாலு இன்ச் பைப்பைக் கேபின் ஓரமாய் ஏற்றி
உச்சியில் ஃபில்டரை உட்காரவைத்தேன்.
"புள்ளையார் வண்டி!" என்று கத்தின பிள்ளைகள்.
"ஃபாதர் கேட்டா நீயே பதில் சொல்லிக்கோ"
என்றான் யேசுபாதம்.
கமான் பட்டையில் இரண்டு கூட்டினேன்.
புதுப்பேட்டையில் பேரம் பேசி
குண்டுச் சக்கரம் நாலு, பன்னிரண்டாயிரம்.
மாட்டி முடித்த ராத்திரி
தூரத்தில் நின்று பார்த்தேன், பக்கத்தில் நின்று பார்த்தேன்,
ஜன்னலைத் திறந்துவைத்துப் படுத்தும் பார்த்தேன்.

இதெல்லாம் ஆக பதினோரு மாதம்.
அதற்குள் சந்தும் சும்மா இருக்கவில்லை.
கார்ப்பரேஷன் சிமென்ட் கொட்டி அரையடி உயர்த்தியது.
ஈபிக்காரன் இரும்புப் பெட்டி நட்டான்.
எதிர்வீட்டு மும்தாஜ்
தண்ணிக்குப் பயந்து மூன்று படி கட்டினாள்.
டேப் வைத்து அளந்தேன்:
பெட்டிக்கும் படிக்கும் நடுவே ஆறடி இரண்டு இன்ச்.
குண்டுச் சக்கரத்தோடு வண்டி, ஆறேகால் அடி.

"இடிக்கச் சொல்லாதடி,
டைல்ஸு ஒண்ணு எம்பது ரூபா" என்றாள்,
நான் வாயே திறக்கவில்லை.

ஜாக்கி போட்டேன்.
பன்னிரண்டாயிரத்தைக் கழற்றி
மொட்டை மாடியில் அடுக்கிவிட்டு
பழைய ஒல்லிக் கால்களை மாட்டினேன்.
கண்ணாடி இரண்டையும் மடக்கி, மூச்சையும் மடக்கி,
முதல் கியர்.
படிமேல் நின்று மும்தாஜ் கத்தினாள்:
"லெஃப்ட்டு, லெஃப்ட்டு...
உன் லெஃப்ட்டு இல்ல, என் லெஃப்ட்டு!"
இடது இண்டிகேட்டர் போட்டால் வைப்பர் ஆடியது.
ஒயரிங் முழுக்க நானே செய்தது,
யாரையும் திட்ட முடியாது.
பெட்டிப் பக்கம் மட்டும் ஒரு கோடு.
நீலத்துக்குக் கீழே இன்னும் ஒரு நிறம் இருந்தது,
இரும்பு.

மெயின் ரோடு.
மீன் வாசனை போகவேயில்லை,
பினாயிலில் கழுவியும், சாம்பிராணி காட்டியும்.
டீசல் சூடேற ஏற அதுவும் விழித்துக்கொண்டது.
இருநூறு மீட்டர்தான் போயிருப்பேன்.
கொருக்குப்பேட்டை கேட் போட்டுவிட்டான்.

கூட்ஸ் வண்டி. டேங்கர் மேல் டேங்கர்.
ஆட்டோக்காரர், பைக்காரர், மாநகரப் பேருந்து,
ஒவ்வொருவராய் இஞ்சினை அணைத்தார்கள்.
நான் அணைக்கவில்லை.
அணைத்தால் திரும்ப எழுமோ என்னமோ.
தும்பிக்கை மேலே நடுங்க,
வெயிலில் வைப்பர் ஆட,
கேட் ஓரம் மொத்தத்திலும்
என் வண்டிச் சத்தம் மட்டும்.